ஐந்தாம் எண் பனியன்

ஒருவன் விழுந்தால் பக்கத்தில் நிற்பவனின் நெஞ்சு எவ்வளவு துள்ளுகிறது என்று அளக்க முடியுமா? முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அளந்து பார்த்து, ஒரு கால்பந்து அணி இருக்கலாமா போகலாமா என்று முடிவு கட்டும் காலம் வந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பந்தாட்டம் தெரியாதவர்கள் எழுந்து போய்விட வேண்டாம், கண்ணுகளா. இந்தக் கதையில் பந்து கொஞ்சம்கூட உருளப்போவதில்லை.

அந்தக் காலத்தில் நம் மாநில லீக்கில் பதினாறு கழகங்கள் இருந்தன. கடைசியில் கிடக்கும் கழகத்தை முன்பெல்லாம் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக் கலைத்துவிடுவார்கள். அது அநியாயம் என்று பலருக்குப் பட்டது. வசதியுள்ள கழகம் ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கூட்டிவந்து கோலாகப் போட்டுத் தள்ளும். மற்ற பத்துப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆடிவிட்டுப் போவார்கள். இல்லாத கழகம் ஒரு பையனை வளர்த்து ஆளாக்கியதும் அவனைப் பறிகொடுக்கும். மிச்சமிருப்பவர்கள் ஒருவனுக்காக ஒருவன் ஓடி, விழுந்து, தோற்பார்கள். கோல் கணக்கு இதையெல்லாம் சொல்லாது. ஆட்டக்காரர்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். மூவரில் ஒருத்தி மரகதவல்லி.

மரகதவல்லி இருபத்திரண்டு வயதுவரை லெஃப்ட் விங்கில் ஆடியவள். அவள் ஆடிய பெண்கள் அணியை "எண்கள் சரியில்லை" என்று ஒரு வரி எழுதிக் கலைத்தார்கள். அன்றைக்கு உடை மாற்றும் அறையில் பதினோரு பேரும் கட்டிக்கொண்டு அழுததை எந்த எண்ணும் பதியவில்லை. அந்தக் கோபத்தில்தான் படித்தாள். அந்தக் கோபத்தில்தான் கருவியும் செய்தாள்.

கருவி இப்படி. ஆட்டக்காரர்கள் உள்ளே போடும் பனியனில் மயிர் பருமனுக்குக் கம்பி நெய்திருக்கும். அது நெஞ்சுத் துடிப்பை எடுத்துக்கொள்ளும். மைதானத்தைச் சுற்றியிருக்கும் காமிராக்கள் மேல்சட்டை எண்ணை வைத்து, யார் விழுந்தான், யார் பக்கத்தில் நின்றான் என்று பார்த்துக்கொள்ளும். ஓடுவதால் வரும் துடிப்பையும் பதறுவதால் வரும் துடிப்பையும் கருவி பிரித்தறியும். உன்னைப் பார்த்து நான் பதறினால் என்னிடமிருந்து உனக்கு ஓர் இழை. பதினோரு பேருக்கு நடுவில் நூற்றுப்பத்து இழைகள். அத்தனையும் சேர்ந்து வருவது இழை எண்.

நாற்பதுக்கு மேல் இருந்தால், எத்தனை ஆட்டம் தோற்றிருந்தாலும் கழகம் பிழைத்தது. நாற்பதுக்குக் கீழே என்றால் கலைப்பு. கடைசி எட்டு ஆட்டங்களில் அளப்பார்கள், அதிலும் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு பங்கு மதிப்பு. எட்டிலும் அதே பதினோரு பேர் ஆட வேண்டும். காயம் என்று ஒருவன் உட்கார்ந்தால் அவன் பங்கு பூஜ்யம். ஆனால் ஒரு சலுகை உண்டு. கடைசி ஆட்டத்துக்கு முன்னால், இழையே ஓடாத ஒரு ஆளைக் கழகம் நீக்கிக்கொள்ளலாம். அவனுடைய பங்கு கணக்கிலிருந்தே போய்விடும், எண் ஏறும்.

நீக்கப்பட்டவன் பெயருக்கு எதிரே "இழையற்றவர்" என்று பதிவார்கள். விதியில் அந்த ஒரு சொல்லை எழுதும்போது அது ஆடுகளத்துக்கு வெளியே எங்கெல்லாம் நடந்துபோகும் என்று மரகதவல்லி யோசித்திருக்கவில்லை. போன வருஷம் காவிரிக்கரைக் கழகம் ஒன்றில் அப்படி நீக்கப்பட்டவனுக்கு வேறு கழகம் கிடைக்கவில்லை. நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோனது. "மனசே இல்லாதவனுக்கு எப்படிங்க பொண்ணக் குடுக்கிறது?" என்று கேட்டார்களாம். மிஷினே சொல்லிவிட்டதே!

இப்போது கல்மண்டபம் கழகத்துக்கு வருவோம். ராயபுரத்துக் கழகம். இருபத்தொன்பது ஆட்டத்தில் இரண்டு வெற்றி. கடைசி பத்து ஆட்டமும் தோல்வி, அளந்த ஏழும் அதில் அடக்கம். இழை எண் முப்பத்தெட்டு புள்ளி ஆறு. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. அன்று காலை பதினோரு மணிக்கு மதிப்பீட்டாளராக மரகதவல்லி வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பலகைக் கருவியும் கையெழுத்துக்கு ஒரு படிவமும் இருந்தன.

பயிற்சியாளர் அறையில் மூன்று நாற்காலி. எல்லோரும் கப்ரியேல் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளர் ஒன்றில். மரகதவல்லி ஒன்றில். மூன்றாவது காலியாகவே இருந்தது. தீனதயாளன் உட்காரவில்லை. ஆறடி உயரம், முப்பத்தொரு வயது, ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிறவன். சட்டை எண் ஐந்து.

"அஞ்சாம் நம்பர்ல இருந்து ஒரு இழைகூட ஓடல" என்றாள் மரகதவல்லி. "ஏழு ஆட்டமும் அப்படித்தான். கீப்பர் சூசைக்குப் போஸ்ட்ல மோதி நெத்தி பொளந்த அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"அவன்கூடதான் மேடம். சட்டையக் கயட்டி ரத்தத்த அமுக்கினு குந்தியிருந்தேன்."

"உங்க நெஞ்சு அசையலையே."

தீனதயாளன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதைப்போல.

"அசையலன்னா இன்னா மேடம் அர்த்தம்?"

"மத்த ஒன்பது பேருக்கும் துடிப்பு எகிறிடுச்சு. கேப்டன் நசீருல்லாவுக்கு எல்லாரையும் விட ஜாஸ்தி. உங்களுக்கு மட்டும் பஸ்சுக்கு நிக்கிறவன் மாதிரி இருக்கு."

"இன்னாம்மா பேசுற நீ!" கப்ரியேல் மாஸ்டர் மேஜையைத் தட்டினார். "இவன் மனசில்லாதவன்னா நான் போப்பாண்டவரு. போன மாசம் என் சம்சாரத்த ஆஸ்பத்திரியில சேத்தப்போ நாலு நாள் வராண்டாவுல படுத்துக் கெடந்தவன் இவன்."

"படுத்துக் கெடந்ததைக் கருவி பார்க்காது மாஸ்டர்."

"அப்போ அது இன்னாத்த பாக்குது?"

மரகதவல்லிக்குச் சுருக்கென்றது. படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஐந்தாம் எண்ணை நீக்கினால் எண் நாற்பத்து நாலு. கழகம் பிழைக்கும். கருவியே படிவத்தை நிரப்பிவிட்டிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நேரம் நாலு மணிவரை.

தீனதயாளன் படிவத்தில் தன் பெயரைத் தேடிப் படித்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"மேடம், எங்கம்மா செத்தப்போ நான் அழல. பந்தல் போட, பாடை கட்ட, ஐஸ் பொட்டிக்குச் சொல்லன்னு ஓடிகினே இருந்தேன். எங்க அக்காகூட கேட்டுச்சு, உனுக்கு கண்ணுல தண்ணியே வராதாடான்னு. அதானா இது? அப்பவே எனுக்கு ஏதோ இல்லாம போச்சா?"

பாருங்கள், ஒரு கருவி செய்கிற வேலையை. இத்தனை வருஷம் நல்லவனாக வாழ்ந்த ஒருத்தன் ஒரு காலைப் பொழுதில் தன்னையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டான்.

மரகதவல்லியால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மதிப்பீட்டாளர் விரும்பினால் நேரில் ஒரு சோதனை செய்யலாம் என்று விதியில் இடமிருந்தது. ஆளுக்குப் பனியனைப் போட்டு, விழுந்த காட்சிகளைத் திரையில் காட்டி, நெஞ்சைப் பார்ப்பது. "வாங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று எழுந்தாள்.

உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் தையல் தழும்போடு சூசை. சுவரில் சாய்ந்தபடி கேப்டன் நசீருல்லா. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் எண். நடு மைதானம் அவனுடையது. பதினான்கு வருஷமாகக் கல்மண்டபத்துக்கு மட்டுமே ஆடுகிறவன். பெரிய கழகங்கள் கூப்பிட்டும் போகாதவன். இந்த வருஷம்தான் கொஞ்சம் வேகம் குறைந்துவிட்டது. வயசாகிவிட்டது என்றார்கள். இழைப் பட்டியலில் மாநிலத்திலேயே முதலிடம் அவனுடைய எண்ணுக்கு. "தங்க நெஞ்சன்" என்று பத்திரிகையில் போட்டார்கள்.

மூலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. துவைத்து மடித்த பனியன்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் உள்பக்கமும் எண் அச்சடித்திருந்தது.

"உங்க பனியனை எடுத்துப் போட்டுக்கோங்க" என்றாள் மரகதவல்லி.

தீனதயாளன் குனிந்து ஒன்றை எடுத்தான். தலைவழியாக மாட்டப் போனான்.

"அது எட்டு" என்றாள் அவள்.

"தெரியும் மேடம். ஜெயிக்கிற வரிக்கும் இதான்."

"புரியல."

"தோத்தா ஜோடிக்கு மாத்திக்கணும் மேடம்." எல்லோருக்கும் தெரிந்ததை இவள் மட்டும் கேட்கிறாளே என்ற வியப்பு அவன் குரலில் இருந்தது. "எனுக்கு ஜோடி நசீரு. அவன்து எனுக்கு, என்து அவனுக்கு. ஜெயிச்சாதான் அவனவன்து அவனவனுக்கு."

கப்ரியேல் மாஸ்டர் விளக்கினார். கழகம் ஆரம்பித்த நாளில் மொத்தம் பன்னிரண்டே பனியன். தோற்ற பனியனைத் தோற்றவனே மறுபடி போடக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்தார்கள். புதுசுக்கு வழியில்லை. அதனால் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து மாற்றிக்கொண்டார்கள். கீப்பர், மாற்று கீப்பரோடு. ஐம்பது வருஷமாக இப்படித்தான். மேல்சட்டை அவனவன் எண். உள்ளே ஜோடியின் பனியன்.

"இதுல கம்பி இருக்குன்னு சொன்னோமே மாஸ்டர்! எண் முக்கியம்னு சொன்னோமே!"

"சொன்னீங்க. துவைக்கிறப்போ முறுக்கிப் பிழியக்கூடாதுன்னும் சொன்னீங்க. பிழியல." மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "பனியன் பனியன்தானேம்மா."

மரகதவல்லி விரலை மடக்கி எண்ணினாள். அளந்த ஏழு ஆட்டத்துக்கும் முன்னாலேயே தோல்வி. ஏழிலும் ஆள் மாறிய நெஞ்சுகள். எட்டாம் எண்ணின் தங்க நெஞ்சு தீனதயாளனுடையது.

முதலில் சிரித்தது சூசை. "டேய், அப்போ எங்க கேப்டனுக்குத்தான் மனசில்லியா? சொம்மா டேய் மச்சான் டேய் மச்சான்னு கட்டிப்புடிச்சதெல்லாம் டூப்பா?"

அறையே சிரித்தது. நசீருல்லாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். "ஆமாடா, உன் மண்டை ஒடைஞ்சப்போ நான் மத்தியானம் பிரியாணியா குஸ்காவான்னு யோசிச்சுகினு இருந்தேன்" என்றான். சிரித்து முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

தீனதயாளன் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தான். அவன் நசீருல்லாவையே பார்த்தான். பிறகு மரகதவல்லியிடம் வேகமாக வந்தான்.

"மேடம், மிஷின் கெட்டுப்போயிருக்கும். ஏதோ ஒயரு. அந்த அஞ்சாம் நம்பர் பனியன்ல கம்பி அறுந்திருக்கும். விட்டுடுங்க."

காலையிலிருந்து தன் மேல் விழுந்த பழி நீங்கிய ஒருவன் ஏன் இப்படிப் பதறுகிறான்? அவளுக்கு விளங்கவில்லை. விளக்கம் நடந்து வந்தது. நசீருல்லா எழுந்து, "மேடம், ஒரு நிமிஷம் மேல வர்றீங்களா?" என்றான்.

பார்வையாளர் காலரிப் படிக்கட்டில் வெயில் காய்ந்தது. பன்னிரண்டு படி ஏறுவதற்குள் அவன் இரண்டு முறை நின்றான். ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோல மைதானத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினான்.

"ஜூன்ல மயக்கம் வந்துச்சு மேடம். தெரியாத ஊருக்குப் போயி, தெரியாத டாக்டராண்ட காட்டுனேன். நெஞ்சு செவுரு தடிச்சிப் போச்சாம். நெஞ்சு எகிறக்கூடாதுன்னு ஒரு மாத்திரை குடுத்தாரு. அதப் போட்டா எவன் செத்தாலும் பொழைச்சாலும் இது ஒரே தாளம்தான். ஓட்டமும் கொறஞ்சிடும். டாக்டரு ஆடவே கூடாதுன்னுட்டாரு."

"யாருக்குத் தெரியும்?"

"தீனாவுக்கு மட்டும். பையில மாத்திரை அட்டையப் பாத்துட்டான். யாராண்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிகினேன்."

"ஏன் இப்படிப் பண்ணீங்க நசீர்? உட்கார்ந்திருக்கலாமே!"

"எட்டு ஆட்டமும் அதே பதினோரு பேருன்னு ரூல்ஸ் போட்டது நீங்கதானே மேடம்" என்றான் அவன். குற்றம் சாட்டும் குரலில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னான். "நான் குந்துனா பூஜ்யம். ஆடுனா ஏதாவது வரும்னு நெனச்சேன். இப்ப பாத்தா ஆடியும் பூஜ்யம்தான்."

மரகதவல்லி மனதுக்குள் வழிகளைத் தட்டிப் பார்த்தாள். படிவத்தில் ஐந்தாம் எண்ணை நீக்கிக் கையெழுத்துப் போட்டால் கழகம் பிழைக்கும், தீனதயாளன் காலம் முழுக்க இழையற்றவன். எட்டாம் எண்ணை நீக்கினாலோ கணக்கிலிருந்து போவது தீனதயாளனின் துடிப்பு. எண் இன்னும் சரியும். பனியன் மாறிய விஷயத்தை எழுதினால் ஏழு ஆட்டமும் செல்லாது, கழகமும் அன்றோடு முடிந்தது.

"நீங்க எதுவும் எழுதாதீங்க மேடம்" என்றான் நசீருல்லா. "சொம்மா இருங்க. அது போதும். தீனாவையும் நீக்க வாணாம். கடைசி ஆட்டத்துக்கு ரெண்டு பங்கு மார்க்குன்னு சொன்னீங்கல்ல? ரெண்டு நாளா நான் மாத்திரை போடல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு மணிக்குப் பாருங்க, இது எப்படித் துள்ளுதுன்னு." நெஞ்சில் விரலால் தட்டினான். "நாப்பது என்ன, அம்பதே தாண்டும்."

"பைத்தியமா உங்களுக்கு? அது நின்னுட்டா?"

"தொண்ணூறு நிமிஷம் மேடம். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ஆடமாட்டேன். என் புள்ள மேல ஆணையா."

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒன் புள்ளய நடுவுல இழுக்காத."

தீனதயாளன் கீழ்ப்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. "மாத்திரைய நிறுத்திட்டியா? ரெண்டு நாளாவா? நேத்து பிராக்டீஸ்ல ஏன் அப்படி இளைச்சன்னு கேட்டேன், பரோட்டா தின்னேன்னு சொன்ன. பரோட்டாவா அது?"

"நீ கீழ போடா."

"மேடம், எம்மேல எழுதுங்க. இழை இல்ல, மனசு இல்ல, இன்னா வேணா எழுதிக்குங்க. எண்ணு ஏறிடும். இவன் மாத்திரையப் போட்டுகினு சொம்மா நிக்கட்டும்."

"உன் பொண்ணுக்கு நாளைக்கு மாப்ள பாக்கப் போவ. மனசில்லாதவன் பொண்ணுன்னு சொல்லுவானுங்க. அது பரவால்லியா?"

"அதுக்கு ஏழு வயசுடா! இப்பவே இன்னாத்துக்கு மாப்ள?"

இரண்டு பேரும் ஒரு நொடி சிரித்துவிட்டார்கள். சிரிப்பில் நசீருல்லாவுக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வந்ததும் சொன்னான். "எழுதுனாலும் எழுதாங்காட்டியும் நான் எறங்குவேன். கல்மண்டபம் கடைசி ஆட்டத்துல நான் வெளியக் குந்தமாட்டேன். நீ இன்னா பண்ணாலும் செரி." படியிறங்கிப் போய்விட்டான்.

தீனதயாளன் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், ஓடுனா செத்துடுவானா?"

"சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா ஆபத்து கூடத்தான் கூடும்."

"மாஸ்டராண்ட சொல்லி நிறுத்துனா?"

"சீக்கை மறைச்சு ஆடினதா பதிவாகும். அப்புறம் லீக் ஆஸ்பத்திரியில அவருக்குச் சிகிச்சை கிடையாது. மாஸ்டருக்கும் தடை."

"மேட்ச்சே நடக்காம போறதுக்கு இன்னா வழி?"

அவள் படிவத்தைப் புரட்டினாள். அவனே சொன்னான். "பனியன் மாத்துனது தெரிஞ்சா நின்னுடும்ல?"

"நின்னுடும். அதோட கழகமும் போயிடும் தீனா."

அவன் தலையாட்டினான். நின்று ஒருமுறை மைதானத்தை முழுவதும் பார்த்தான். பிறகு கீழே போனான்.

மரகதவல்லி அங்கேயே உட்கார்ந்தாள். அவள் கையில் பேனா இருந்தது, அதிகாரம் இருந்தது, தொலைபேசியும் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும், ஆட்டம் நிற்கும். ஆனால் தன் அணியைக் கலைத்த அந்த ஒரு வரி அவளுக்கு மறக்கவில்லை. அப்படி ஒரு வரியை எந்த அணிக்கும் எழுதக்கூடாது என்றுதானே இருபது வருஷம் உழைத்தாள். எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. கீழே காலரி நிரம்பத் தொடங்கியது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து லாரி லாரியாக ஆட்கள். பறையும் டிரம்மும் சேர்ந்து அதிர்ந்தன. மூன்று மணி ஆயிற்று. மூன்றரையும் ஆயிற்று. அவள் எழுதியிருப்பாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது.

மூன்று ஐம்பதுக்கு அணிகள் வரிசையாக வந்தன. முன்னால் நசீருல்லா. முகத்தில் அப்படி ஒரு சிவப்பு. காலரி முழுக்க அவன் பெயரைக் கத்தியது. அவள் மடியிலிருந்த கருவியில் ஐந்தாம் எண்ணின் கோடு, முதல் முறையாக, குதிரைபோலக் குதித்தது. பந்து இன்னும் வைக்கப்படவில்லை. யாரும் ஓடவுமில்லை. மரகதவல்லி பேனா மூடியைத் திறந்தாள்.

அப்போதுதான் தீனதயாளன் வரிசையை விட்டு வெளியே வந்தான். எல்லா வீட்டுத் திரைக்கும் படம் அனுப்பும் பெரிய காமிராவுக்கு நேரே போய் நின்றான். மேல்சட்டையைக் கழற்றிக் கீழே போட்டான். பனியனையும் கழற்றினான். உள்பக்கத்தை வெளியே திருப்பி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். எட்டு.

"நாங்க மாத்திப் போட்டோம்" என்று கத்தினான். "ஏழு மேட்ச்சும் மாத்திப் போட்டோம். எல்லாரும். செக் பண்ணிக்குங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. நடுவர் ஓடிவந்தார். நாலாவது நடுவர் ஒவ்வொருவனின் காலரையும் புரட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பு முழுதாக முடிவதற்குள் காலரிக்கு விஷயம் போய்விட்டது. ஆட்டம் செல்லாது. ஆட்டம் மட்டுமில்லை.

எட்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் மௌனமானால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் மரகதவல்லி கேட்டாள். பிறகு முதல் தண்ணீர்ப் பாக்கெட் பறந்து வந்தது. "துரோகி! காட்டிக் குடுத்த நாயே! மிஷின் செரியாத்தான்டா சொல்லுச்சு உன்ன!" செருப்பு வந்தது. டிரம் குச்சி வந்தது. அவன் அசையாமல், வெற்று மார்போடு நின்றான்.

நசீருல்லா அவனிடம் நடந்து போனான். கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "ஏன்டா?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அதற்குள் மூச்சு வாங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தீனதயாளன் அவன் முதுகில் கைவைத்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டான் நசீருல்லா.

மேலே கருவி விர்ரென்று அதிர்ந்தது. தீனதயாளன் இப்போது கையில் சுருட்டி வைத்திருந்த பனியன், அவன் அதைக் கழற்றும் முன் கடைசியாக ஒரு துடிப்பை அனுப்பி வைத்திருந்தது. எட்டாம் எண். இதுவரை எந்த மைதானத்திலும் பதிவாகாத துள்ளல். கீழே ஒரு குறிப்பு: விழுந்தவர் எவருமில்லை. பழுதாக இருக்கலாம்.

மரகதவல்லி அறிக்கை எழுதினாள். பனியன்கள் மாறியிருந்தன, வழக்கத்தால், ஏமாற்றும் எண்ணமின்றி. அவ்வளவுதான் எழுதினாள். நசீருல்லாவின் நெஞ்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. தீனதயாளன் அவளிடம் அந்த ஒன்றைத்தான் கேட்டிருந்தான். அடுத்த வியாழக்கிழமை கல்மண்டபம் கழகம் கலைக்கப்பட்டது. இனி யாரும் மாற்றிப் போட முடியாதபடி கம்பியைத் தோலுக்கடியிலேயே வைத்துவிடலாம் என்று லீக் முடிவு செய்தது. கூட்டத்தில் மரகதவல்லி எழுந்து நின்று வேண்டாம் என்றாள். அவளுடைய கருவிதானே, அவளே பழிக்கிறாளே என்று வியந்தார்கள். கையைத் தூக்கியவர்கள் பதிமூன்று பேர். தூக்காதவள் அவள் மட்டும். அன்றே வேலையை விட்டாள்.

தீனதயாளனைப் படிவம் நீக்கவில்லை. ஆனால் ஊர் நீக்கிவிட்டது. மீன் ஏலக்கூடத்துச் சுவரில் "மனசில்லாத அஞ்சு" என்று கரியால் எழுதினார்கள். அவன் மகள் பள்ளிக்கூடம் போகும் வழி அது. கேட்பவர்களிடம் ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். சொன்னால் நசீருல்லாவுக்கு ஆபரேஷன் கிடையாது. துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் பாளம் தூக்கும் வேலைக்குப் போனான்.

மூன்று மாதம் கழித்து லீக் ஆஸ்பத்திரியில் நசீருல்லாவுக்கு நெஞ்சைத் திறந்து தடித்த சதையைச் செதுக்கி எடுத்தார்கள். பதினைந்தாம் நாள் பார்க்கப் போன மரகதவல்லி, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் தீனதயாளனைக் கண்டாள். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் வந்து அந்த பெஞ்சில் உட்காருவானாம். மேலே வரக்கூடாது என்று நசீருல்லா சொல்லிவிட்டானாம். கழகத்தைக் கொன்றவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று.

"இன்னைக்கும் மேல விடலியா?"

"இன்னைக்கு விட்டான் மேடம்." டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். ஐஸ் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"என்ன சொன்னார்? மன்னிச்சிட்டாரா?"

"அய்ய, எங்க! போனதும் ஆரம்பிச்சான். துரோகின்னான், கொலகாரன்னான். எங்க பரம்பரையே ஒண்ணு வுடாம இழுத்துட்டான். பதினாலு வருஷத்த நாசம் பண்ணிட்டடா பாவின்னான். எழுந்து குந்தி, கைய ஆட்டி ஆட்டி, நர்சம்மா வந்து அதட்டுற வரிக்கும் திட்டிகினே இருந்தான்."

சொல்லச் சொல்ல அவன் கண் நிறைந்து வழிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. அவன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒரு தடவகூட மூச்சு வாங்கல மேடம் அவனுக்கு."